பாறை இல்லாத ஊரில் ஆறு நாள்

நான் கல்கத்தாவுக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் மகளைக் கையோடு கூட்டி வரப் போனேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மார்கழி மாதம் அது. தை பிறந்தால் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சங்ககிரிப் பக்கம், எங்களைப் போலவே போர்வெல் வண்டி வைத்திருப்பவர்கள். "பொண்ணு வேலைய விட்டுட்டு வந்துரோணுங்க" என்றார் சம்பந்தி. "வந்துருவா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். திருச்செங்கோட்டில் என் வாக்குக்கு என்ன மதிப்பு என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினாறு வயதில் கிணற்றில் வெடி வைக்கும் ஆட்களோடு சேர்ந்தேன். அப்புறம் பழைய வண்டி ஒன்று, அப்புறம் மூன்று. ஆந்திரா, கர்நாடகம், மத்தியப் பிரதேசம் என்று என் வண்டி போகாத மேடு இல்லை. எத்தனை குழி போட்டேன் என்று எண்ணி வைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். துளை போட்டு ஓடுகிற இரும்பு ராடின் மேல் உள்ளங்கையை வைத்தால் கீழே என்ன பாறை, இன்னும் எத்தனை அடியில் மாறும் என்று எனக்குத் தெரிந்துவிடும். மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்த எஞ்சினியர்கள் பல பேர் என் கையைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள்.

மகள் சாந்தாமணி நிலவியல் படித்தாள். அப்பன் துளைக்கிற பாறைக்குப் பெயர் தெரிய வேண்டாமா என்று படித்தாள். தங்க மெடல். மூன்று வருஷமாகக் கல்கத்தாவில் மத்திய அரசாங்க வேலை.

ஹவுரா ஸ்டேஷனில் அவளே வந்து நின்றாள். வெளியே வந்தால் எதிரில் ஆறு. படகில் ஏறி அக்கரை போகவேண்டும். துறையில் ஒரு படகு கிளம்புவது மாதிரி ஹாரன் அடித்தது. கிளம்பும் வண்டியை விட்டுப் பழக்கமில்லாத ஆள் நான். பருப்பு, வெல்லம், சாம்பார்ப் பொடி எல்லாம் இருந்த மூட்டையோடு ஒரே தாவு.

"அப்பா! அது இல்லீங்கப்பா!" என்று கத்திக்கொண்டே அவளும் குதித்தாள்.

நாங்கள் போகவேண்டியது தெற்கே. படகு போனது வடக்கே. அரை மணி நேரம் ஆற்றின் மேல் எனக்கு வேலையில்லை, தண்ணீரைப் பார்த்தேன். டீ நிறத்தில் இருந்தது. ஒரு கை அள்ளிப் பார்த்தேன், விரலிடுக்கில் பொடி மண் நின்றது. எங்கள் காவிரி வெள்ளம் வந்தால்தான் இப்படி இருக்கும். இங்கே வெள்ளமில்லாத மார்கழியிலேயே இப்படி.

"ஏனம்மிணி, இந்த மண்ணெல்லாம் எந்தூர்ல இருந்து வருது?"

"அதச் சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றாள். பக்கத்தில் ஒரு வங்காளிக்காரர் எங்கள் மூட்டையைக் காலால் தள்ளிப் பார்த்து ஏதோ சொன்னார். "என்ன சொல்றான்?" என்றேன். "மாமனாரு மருமகன் வீட்டுக்குச் சீர் கொண்டு போறாரான்னு கேக்கறார்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருமகன்தான் சங்ககிரியில் இருக்கிறானே.

தவறாக இறங்கிய துறையிலிருந்து ஆடி ஆடி வந்த டிராமில் ஏறி, பாதியில் அது கம்பியறுந்து நிற்க, பஸ் பிடித்து பவானிபூர் சேர மத்தியானம் ஆகிவிட்டது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் தஞ்சாவூர்க்காரர் ஒருவரின் வீட்டு மாடியில் அவளுக்கு ஓர் அறை. வீட்டம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாங்கோ மாமா! இவ உங்களப் பத்திச் சொல்லாத நாளே கெடையாது. மொதல்ல மிஷ்டி சாப்பிடுங்கோ, அப்பறம் குளிக்கலாம்" என்று மண்சட்டியில் இனிப்புத் தயிரைக் கொடுத்தார். தயிரில் சர்க்கரையா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே சட்டியைக் காலி செய்தேன்.

மறுநாள் காலையில் தனியாகவே நடந்தேன். கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் தின்று, மண்குவளையில் டீ குடித்து, குவளையை எல்லோரையும் போலத் தெருவோரம் எறிந்தேன். ஒரு வீடு கட்டும் இடத்தில் நான்கு பெண்கள் உட்கார்ந்து சுத்தியலால் செங்கல்லை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல செங்கல், வெந்த செங்கல். பைத்தியமா இவர்களுக்கு என்று நின்று பார்த்தேன். உடைத்ததைச் சல்லடையில் சலித்து, சிமெண்டில் கலந்து கூரைக்குக் கான்கிரீட் போட்டார்கள். அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் ஜல்லிக்குக் கல் கிடையாது! மண்ணைச் சுட்டுக் கல்லாக்கி, அந்தக் கல்லை உடைத்து ஜல்லியாக்குகிறார்கள். நான் நடந்த தெருக்களில் கால் தடுக்க ஒரு பாறை, சாய்ந்து உட்கார ஒரு குண்டுக்கல் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினால் கடப்பாரையில் தீப்பொறி பறக்கும். இவர்களுக்குக் கடப்பாரையே வேண்டாம், அகப்பை போதும்.

சாயங்காலம் அவளிடம் பேச்சை எடுத்தேன். தேதி சொன்னேன். கேட்டுக்கொண்டே துணி மடித்தாள்.

"நான் வரலீங்கப்பா."

"வாக்குக் குடுத்துட்டேனே சாமி."

"என்னையக் கேட்டா குடுத்தீங்க?" குரல் உயரவில்லை. "டாலிகஞ்சுக்குத் தெக்க ஒரு குழி போட்டுட்டு இருக்கறோம். ஆராய்ச்சிக் குழி. என்ற பொறுப்பு. அறுநூறு அடி வரைக்கும் மண்ண வரிசையா, கலையாம எடுத்து முடிக்கோணும். நானூத்திச் சொச்சம் ஆச்சு. முடிச்சா அருணாசலப் பிரதேசத்துக்குப் போற கோஷ்டியில என்ற பேரு இருக்குது. இமயமலை மடங்கித் திரும்பற மூலை. ரெண்டு வருசம்."

"குழி கெட்டுப் போச்சுன்னா?"

"என்ற பேர அடிச்சுருவாங்க. வெளிய பத்துப் பேர் நிக்கறாங்க. அப்பப் பேசாம உங்ககூட வந்துர்றேன், போதுமா?"

கோபத்தில் சொன்னாள். நானூறு அடிக் குழியைக் காட்டி எனக்கே பயம் காட்டுகிறாயா, நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் மெட்ரோவில் பூமிக்கடியிலேயே டாலிகஞ்ச் போனோம். சேற்றுக்குள் ரயில் விட்டிருக்கிறார்கள், அதற்கு அவர்களுக்கு ஒரு கும்பிடு. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் முன்சீட்டில் டிரைவரோடு பாதி உடம்பு வெளியே தொங்க, ஒரு குளக்கரைத் திடலுக்குப் போனோம். அங்கே நின்றது அவர்களுடைய வண்டி. எங்களுடையதில் காற்று போகும், சம்மட்டி அடிக்கும், பாறை பொடியாகிப் பறக்கும். இதில் காற்றுமில்லை சம்மட்டியுமில்லை. குழம்பு மாதிரி களிமண் தண்ணீரை ஒரு பம்ப் ராடு வழியே உள்ளே தள்ளுகிறது. அது அடிவரை போய், வெட்டிய மண்ணைத் தூக்கிக்கொண்டு குழி வாய் வழியே மேலே வருகிறது. பார்க்கச் சாதுவாக இருந்தது. பொம்மை வண்டி என்று மனதுக்குள் நினைத்தேன்.

மேஸ்திரி பெயர் நிமாய். ஐம்பது வயது, ஒல்லி, கழுத்தில் மஃப்ளர். அவருக்குக் கீழே மூன்று பேர். பம்ப் ஓடும் சத்தத்தைக் கேட்டவுடனே எனக்கு வால்வில் கசிவு இருப்பது தெரிந்துவிட்டது. ராடைத் தூக்கி வைத்திருந்த நேரம் பார்த்துப் பிரித்துக் காட்டினேன். வாசர் அரை வட்டம் தின்று போயிருந்தது. லாரி டியூபை வெட்டி ஒரு வாசர் செய்து போட்டேன். அதற்குப் பிறகு அந்த நாலு பேருக்கும் நான் 'காக்கு'. சித்தப்பா முறை. என் லாரி ஹிந்தியும் நிமாயின் ஹிந்தியும் ஒரே தரம் என்பதால் பேச்சு தடையில்லாமல் ஓடியது.

சாந்தாமணி மரப்பெட்டிகளைத் திறந்து காட்டினாள். குழியிலிருந்து எடுத்த மண், முறுக்கு உரலில் பிழிந்தது மாதிரி உருளை உருளையாக, ஆழத்தின் வரிசையில். மேலே சாம்பல் களிமண். நடுவில் ஒரு கறுப்பு அடுக்கு, அதில் மரத்துண்டு. "இங்க ஒரு காலத்துல சதுப்புக்காடு நின்னுருக்குது" என்றாள். கீழே வரவர மணல்.

"அப்பா, நாம நிக்கற எடத்துல பாறை எத்தன அடியில வரும், சொல்லுங்க பாக்கலாம்."

உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டேன். "ஆத்தோரம். அறுநூறு."

அவள் நிமாயிடம் சொல்ல, நால்வரும் சிரித்தார்கள். "காக்கு, நீங்கள் தோண்டுங்கள், உங்கள் பேரன் தொடுவான்" என்றார் நிமாய்.

"மைல் கணக்குல போகோணுங்கப்பா" என்றாள். "ரெண்டு லாரி நேருக்கு நேரா மோதுனா என்ன ஆகும்?"

"முன்பக்கம் நசுங்கி மேல தூக்கும்."

"நம்ம நாடு தெக்க இருந்து வந்த லாரி. திபெத்து நின்னுட்டு இருந்த லாரி. நடுவுல கடல் இருந்துச்சு, அது நசுங்கிருச்சு. அந்தக் கடல்ல இருந்த கிளிஞ்சல் இப்ப இமயமலை மேல கெடக்குது. மலைதான் தூக்கிட்டு நிக்கற பானட்டு. இன்னும் நம்ம லாரிக்கு பிரேக் புடிக்கல, தள்ளிட்டேதான் இருக்குது. கெழக்க பர்மாப் பக்கம் இன்னொரு தள்ளு. இந்த மூலை எறங்க எறங்க, மலையில இருந்து ஆறு கொண்டுட்டு வர்ற மண்ணு ரொம்பிட்டே வருது. இதுல எந்த மணல் எந்த மலையில இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா, எந்த மலை எப்ப எந்திரிச்சுதுன்னு சொல்லிரலாம். அதுக்குத்தான் அங்க போகோணும்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நம்மூரும் சும்மா இல்லீங்கப்பா" என்றாள். "சங்ககிரி, நாமக்கல்லு சைடெல்லாம் அம்பது கோடி வருசத்துக்கு முன்னால இப்படி நெலமும் நெலமும் மோதி, கடல் மூடுன எடம்னு சொல்றாங்க. அங்கயும் பெரிய மலை நின்னுருக்கும். அது தேஞ்சு போயி, அடிவேர் மட்டும் மிச்சம். அந்த வேர்லதான் நீங்க நாப்பது வருசமாத் தொளை போட்டுட்டு இருக்கறீங்க."

இது எனக்கு யாரும் சொல்லாத சேதி. உடனே நிமாய் பக்கம் திரும்பி, "ஹிமாலய் சோட்டா. ஹமாரா பஹாட் படா!" இமயமலை தம்பி, எங்கள் மலைதான் அண்ணன் என்று மார்பில் தட்டிக்கொண்டேன்.

நான்காம் நாள் அவளுக்கு ஆபீசில் கூட்டம். நான் மூட்டையோடு திடலுக்குப் போனேன். எங்கள் வண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியிலேயே சமைப்போம், சாப்பாடு என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, முதலாளி முதல் கழுவுகிற ஆள் வரை ஒரே வரிசையில் உட்காருவோம். ஒருவன் பாக்கியில்லை. வரிசை முடியாமல் யாரும் எழக்கூடாது, எழுந்தால் மற்றவனை அவமானப்படுத்தியது மாதிரி. இங்கேயோ ஒருவர் ஒருவராகத் தின்கிறார்கள், எப்போதும் ஒரு ஆள் பம்ப் பக்கத்தில் நிற்கிறான். எனக்கு அது பார்க்கச் சகிக்கவில்லை.

அடுப்பு மூட்டி நானே சமைத்தேன். முள்ளங்கி சாம்பார், உருளைப் பொரியல், வெல்லப் பாயசம். வாழை இலை விரித்து மூன்று பேரை உட்கார வைத்தேன். நிமாய் பம்ப் அருகே நின்றுகொண்டு கையை ஆட்டினார், நீங்கள் சாப்பிடுங்கள் என்று. நான் போய் பம்ப்பை நிறுத்தினேன். என் கையால் நிறுத்தினேன். "ஆவோ, கானா" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

அவர் முகம் மாறியது. "காக்கு, அஞ்சு நிமிஷம்தான்" என்றார்.

பாயசம் ஊற்றும்போது எழப் பார்த்தார். தோளை அழுத்தி உட்கார வைத்தேன். இரண்டாவது தடவையும் எழுந்தார், இரண்டாவது தடவையும் அழுத்தினேன். எங்கள் ஊரில் குழியை அப்படியே விட்டுவிட்டுத் தீபாவளிக்கே போய் வரலாம். பாறையில் போட்ட துளை, நாளைக்கும் இருக்கும், நூறு வருஷத்துக்கும் இருக்கும். எல்லாருமாக மோரும் குடித்து எழ முக்கால் மணி நேரம்.

பம்ப்பைப் போட்டார்கள். முக்கியது. மண் தண்ணீர் மேலே வரவில்லை. ராடைச் சுற்றினார்கள், சுற்றவில்லை. தூக்கினார்கள், வண்டியின் பின்பக்கம்தான் அமுங்கியது. நிமாய் மஃப்ளரை அவிழ்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் களிமண் தண்ணீர்தான் குழிக்குச் சுவர் என்று அப்புறம்தான் எனக்கு விளக்கினார். ராடு உள்ளே இருக்கும்போது அது ஓடிக்கொண்டே இருக்கும்வரைதான் குழி, நின்றால் மணல் இறங்கி ராடைக் கவ்விவிடும். நானூறு அடி ராடு மணலுக்குள் புதைந்து நின்றது.

சாயங்காலம் சாந்தாமணி வந்தாள். ராடைப் பார்த்தாள், இலைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் வெளியே பார்த்தபடியே வந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் காலை அவளுடைய பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். சென் ஐயா என்றார்கள். வெள்ளைத் தலை, மெதுவான பேச்சு. பம்ப்பை யார் நிறுத்தியது என்று ஹிந்தியில் கேட்டார். நிமாய் தரையைப் பார்த்தார். மற்ற மூவரும் நிமாயைப் பார்த்தார்கள். சாந்தாமணி ஓர் அடி முன்னால் வந்து, "சைட் என் பொறுப்பு ஐயா. தவறு என்னுடையது" என்றாள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். அந்த நேரம் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். இவள் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும், அவளே சொன்ன மாதிரி என்னோடு ரயில் ஏறிவிடுவாள். சங்ககிரியில் என் வாக்கு நிற்கும். ஒரு பாவமும் நான் செய்யவேண்டாம், சும்மா நின்றால் போதும். நின்றேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. குளத்தில் ஒருத்தி துணி துவைக்கும் சத்தம் ஏழெட்டுத் தடவை கேட்டது.

அப்புறம், நிறுத்தியது நான்தான் என்று சொன்னேன். "சாப், மைனே பந்த் கியா. இவங்க யாருமில்ல."

"நீங்கள் யார்?"

"நாப்பது வருசமா போர் போடறவன்" என்றேன். பிறகு, "இவ அப்பன்" என்றேன். "அந்தாளு மட்டும் சாப்புடாம நின்னாருங்க. அதுதான் நிறுத்துனேன். மண்ணுல குழி போட்டு எனக்குப் பழக்கமில்ல. எனக்குத் தெரியல." ஹிந்தியில் பாதி, தமிழில் பாதி. தெரியவில்லை என்ற சொல்லைக் குழியைப் பற்றி நான் சொன்னது அதுதான் முதல் தடவை. என் சம்சாரமே கேட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

சாந்தாமணி நான் சொன்னதை அவருக்கு முழுதாகச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ராடும் குழியும் முழுதாகக் கிடைத்தால் நான் ஒன்றும் எழுதவில்லை. கிடைக்காவிட்டால் எழுதித்தான் ஆகவேண்டும்" என்றார். நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

என் கை பரபரத்தது. எங்கள் முறையில் ஜாக்கி வைத்து முழு பலத்தோடு இழுப்போம். "இழுத்தால் அறும் காக்கு" என்றார் நிமாய். கெட்டியாகப் புதுக் களிமண் கரைத்தார். பம்ப்பை மிக மெதுவாக ஓட்டினார். ராடை விரல் அகலம் இடதுபக்கம், விரல் அகலம் வலதுபக்கம். அவ்வளவுதான், திரும்பத் திரும்ப. நாலு பேரும் மாறி மாறி. நானும் ரெஞ்சைப் பிடித்தேன். யார் சொன்னபடியும் வேலை செய்து எனக்குப் பல வருஷம் ஆயிற்று. நிமாய் 'ஆஸ்தே' என்றால் மெதுவாக, 'தாமோ' என்றால் நிறுத்து. சொன்னபடி செய்தேன்.

மத்தியானம் ஒருவர் ஒருவராகப் பொரியும் பச்சைமிளகாயும் தின்றோம். நான் கடைசியில்தான் தின்றேன்.

வெயில் சாயும்போது என் உள்ளங்கை ராடின் மேல் இருந்தது. கீழே எங்கோ மிகத் தூரத்தில் ஒரு சின்ன நடுக்கம். கேட்கவில்லை, தோலில்தான் தெரிந்தது. "நிமாய், சல் ரஹா ஹை. போகுது, தண்ணி போகுது!" என்று கத்தினேன். அவர் நம்பாமல் பார்த்தார். ஒரு டீ குடிக்கிற நேரம். குழி வாயில் குமிழி விட்டது. அப்புறம் கலங்கல் கொழகொழவென்று வழிந்தது. ராடு முழுச் சுற்றுச் சுற்றியது. நிமாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், இருவர் உடம்பிலும் ஒரே சேறு. சென் ஐயா எழுந்து, நாற்காலியைத் தானே மடித்து வைத்துவிட்டு, ஜீப்பில் ஏறினார்.

ஆறாம் நாள் குழியைக் கழுவிச் சுத்தம் செய்து, அடுத்த உருளையை எடுத்தார்கள். சாம்பல் மணல். சாந்தாமணி அதைக் கத்தியால் நீளவாட்டில் பிளந்து வெயிலில் காட்டினாள். மைக்கா பொடிப்பொடியாக மின்னியது. பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தவள் நிமிரவேயில்லை. அவள் பின்கழுத்தில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது. கூப்பிட்டேன், காதில் விழவில்லை. மறுபடி கூப்பிடவில்லை.

சாலைக்கு வந்து ஒரு எஸ்.டி.டி. பூத்தில் சங்ககிரிக்குப் போன் போட்டேன். சம்பந்தியே எடுத்தார்.

"கெளம்பிட்டீங்களா? பொண்ணு கூட வருதுங்களா?"

"நான் மட்டுந்தானுங்க வர்றேன். அவ வரல. அவளுக்கு இன்னும் ரெண்டு வருசத்துக்கு வேலை இருக்குது."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? நாலு பேர் முன்னால வாக்குக் குடுத்தீங்களே!"

"ஆமாங்க. வாக்குக் குடுத்தது நானுங்க. திட்டறதுன்னா என்னையத் திட்டுங்க. வேலை அவளுதுங்க, அத நான் குடுக்க முடியாது."

முதலில் வைத்துவிடலாமா என்று நினைத்தேன். வைக்கவில்லை. அவர் என்ன சொல்கிறாரோ சொல்லட்டும் என்று ரிசீவரைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.